அக்காவிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட ஸ்கேனர்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் காஞ்சிபுரத்தில் இன்னும் பத்துப் பேருக்காவது எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரிந்துவிடும். கூடவே நான் யார் என்பதும் தெரிந்துவிடும். அவர் வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. வெட்கம் எனக்குத்தான். அக்கா என்றே எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்காவோடு நான் பழகிய எட்டு வருஷமும் அவருடைய கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரியாதபடி அவர் பார்த்துக்கொண்டார். தெரிந்தால் சென்னையிலிருந்து அவருடைய அண்ணன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சின்ன காஞ்சிபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்கையைக் கையோடு அழைத்துப் போய்விடுவார். கல்யாணம் வேண்டாம் என்று முப்பது வருஷம் தனியாக இருந்து பழகியவர் அக்கா. அந்த வீட்டில் தன் கதவைத் தானே திறந்து தானே மூடிக்கொண்டு இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. பிற்பாடு தெரிந்து என்ன பிரயோஜனம்.

அக்கா டெலிபோன் இலாகாவில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தவர். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டு ஜனங்கள் மணிக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. அதெல்லாம் ஒழிந்த பிறகு புகார் வாங்கும் மேஜைக்கு மாற்றினார்கள். "என் போன் செத்துப்போய் நாலு நாள் ஆச்சு" என்று யாராவது பக்கத்து வீட்டிலிருந்து கத்தினால், டைரக்டரியைப் புரட்டாமலே நம்பரைச் சொல்லி, கம்பம் எந்த முனையில் இருக்கிறது என்பதையும் சொல்வார். என்ன ஞாபகசக்தி என்று நாங்கள் வாயைப் பிளப்போம். டைரக்டரியின் பொடி எழுத்து அவருக்குத் தெரியாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது என்று யாருக்குத் தோன்றும்?

எங்களைச் சேர்த்துவைத்தது ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டில் ஒரு வயர்லெஸ் பெட்டியை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத இன்னொரு லைசென்ஸ்காரரோடு பேசுகிற பொழுதுபோக்கு. ஊருக்குள் அப்போது பேசுகிறவர்கள் நாங்கள் நாலு பேர். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். பட்டுக்கடைகளில் பில் போடுகிற கம்ப்யூட்டர் நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்தாவது ஆள் அக்கா. லைசென்ஸ் வைத்திருந்தார், ஆனால் ஒரு நாளும் பேசியதில்லை.

"முப்பது வருஷம் ஹலோ ஹலோன்னு கத்திக்கினு இருந்தாச்சு. போதும்பா. நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்."

அவர் கேட்டதெல்லாம் ஒரு ஸ்கேனரில். ஜெராக்ஸ் கடையில் சர்டிபிகேட்டைப் படம் பிடிக்கிற ஸ்கேனர் இல்லை, இது கையில் அடங்குகிற ரேடியோ. நாம் பதிந்துவைத்த அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டு போகும். எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி நகரும். நாலு பென்சில் பேட்டரி போட்டால் போதும். மேலே இரண்டு திருகு, முன்னால் வரிசையாகப் பொத்தான்கள். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்களின் பேச்சு, சென்னை ஹாம்காரர்களின் அரட்டை, எங்கள் நாலு பேரின் உளறல், எல்லாம் அதில் வரும். போலீஸ் வயர்லெஸ் குறுக்கே வந்தால் உடனே தாண்டிவிடுவார். "அது நமக்குச் சொல்றது இல்லபா. அடுத்தவங்க லைன்ல காது வெக்கறது பாவம்" என்பார். ஆப்பரேட்டராக இருந்தபோது அவர் கேட்ட ஊர்க்கதைகளில் ஒன்றைக்கூட நாங்கள் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

ஆனால் எங்கள் கதை அவருக்குத் தெரியாமல் தப்பாது. நான் முதன்முதலில் பெட்டியை மாட்டிப் பேசிப்பார்த்த அன்று பத்தாவது நிமிஷம் வீட்டுப் போன் அடித்தது.

"யாருங்க?"

"நான் சின்ன காஞ்சிபுரத்திலேருந்து பேசறேன்பா. உன் பவர் சப்ளைல உறுமல் கேக்குது, கெபாசிட்டர மாத்து. அப்பறம், வீட்ல யாரோ தாளிச்சிக்கினு இருக்காங்க. கதவ மூடிக்கினு பேசு."

அதிலிருந்து நாங்கள் எதைப் பழுது பார்த்தாலும் அக்காவின் காதுக்குப் போய்த்தான் முத்திரை வாங்குவோம். எங்கள் நாலு பேரில் ஒருவன் சாயப்பட்டறை வைத்திருந்தான். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றி ஏற்றி அவன் கை முழங்கைவரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். ஒரு நாள் அவன் பேசி முடித்ததும் அக்கா போன் பண்ணினார். "பேசி முடிச்சிட்டு மூச்சு இழுக்கறப்போ விசில் மாதிரி வருது. மைக்கு இல்ல, உன் நெஞ்சுதான். டாக்டராண்ட காட்டு." அவன் சிரித்தான். அவன் பெண்டாட்டி சிரிக்காமல் இழுத்துக்கொண்டு போனாள். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் நுரையீரல் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதற்குப் பிறகு அக்கா எது சொன்னாலும் அவனுக்கு அது வேதவாக்கு.

யாரிடமும் எதுவும் கேட்காதது அக்காவின் குணம். பேட்டரி வாங்கிவரட்டுமா என்றால், "நான் போறேன்பா." பஸ் ஏற்றிவிடட்டுமா என்றால், "எனக்கு இன்னா கால் இல்லியா?" வைகாசியில் கருட சேவை அன்று ஊரே தெருவில் நிற்கும். அந்தக் கூட்டத்தில் அக்கா சுவரோரமாக, விரலால் சுவரை லேசாகத் தடவிக்கொண்டே போவார். இடிபடாமல் இருக்கத்தான் ஓரமாகப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு தடவை கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். உதறிவிட்டார். கோபம் வந்த குரலில், "நான் கேட்டனா?" என்றார். நாலு நாள் எனக்கு மனசு சரியில்லை.

அதே குணத்தின் இன்னொரு பக்கம், யாராவது ஆசையாக எதையாவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. கேட்காதவர்களுக்கு மறுக்கவும் வராதோ என்னவோ. நாங்கள் கெட்டது அங்கேதான்.

இரண்டாயிரத்து எட்டில் அக்கா ஓய்வுபெற்றார். ஏதாவது செய்யவேண்டும் என்று நாங்கள் நாலு பேரும் கூடினோம். புது ஸ்கேனர் வாங்குவதா, சாப்ட்வேர் ரேடியோ வாங்குவதா என்று பேச்சு வந்தது. சாப்ட்வேர் ரேடியோ அப்போது எங்கள் கூட்டத்துக்குப் புதுசு. தீப்பெட்டிக் கட்டு அளவு ஒரு போர்டு. அதை ஆன்டெனாவோடும் கம்ப்யூட்டரோடும் இணைத்துவிட்டால், மிச்ச வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் நடக்கும். ஒரு அலைவரிசை அல்ல, அக்கம்பக்கத்து அலைவரிசைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் திரையில் படமாக ஓடும். நீலத்தின்மேல் வெள்ளைக் கோடு விழுந்தால் அங்கே யாரோ பேசுகிறார்கள். மௌஸால் அந்தக் கோட்டைத் தொட்டால் பேச்சு கேட்கும். எனக்கு அதைப் பார்த்ததிலிருந்து பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது.

பரிசு என்று சொல்லாமல் அக்காவிடம் கேட்டுப்பார்த்தேன்.

"வாங்கறதுன்னா நீங்க எதக்கா வாங்குவீங்க?"

"ஸ்கேனர்தான். அதுல பொத்தான் இருக்குது."

"ஸ்கேனர் ஒவ்வொரு வீடா கதவத் தட்டிக்கினு போற மாதிரிக்கா. ஒரு வீட்ல நின்னுட்டா அடுத்த வீட்ல நடக்கறது தெரியாது. இது மொட்டமாடில நின்னு தெருவையே பாக்கற மாதிரி."

"தெருவே இன்னா பண்ணுதுன்னு எனக்கு எதுக்குபா? ஒரு வீட்டுக் கதவத் தட்டினா, அந்த வீட்டுக்காரங்க பேசறது கேட்டாப் போதும்."

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. தினம் நாலு மணி நேரம் கரண்ட் கட், கம்ப்யூட்டர் எப்படி ஓடும் என்றார். அது கிளம்புவதற்குள் விமானம் இறங்கிவிடும் என்றார். வைரஸ் வந்தால் ரேடியோவுக்கும் காய்ச்சல் வருமா என்று கேட்டார். அந்தப் போர்டில் விமானம் கேட்குமா என்றார். கேட்காது, ஹாம் அலைவரிசைகள் மட்டும்தான் என்று ஒப்புக்கொண்டேன். "அப்பறம் இன்னா பெருசு?" என்றார். அத்தனையும் நியாயமான கேள்விகள். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்கக் கூடாதா என்று பிற்பாடு அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. என் தப்பைப் பங்கு போட ஆள் தேடினேன், வேறென்ன.

சாயப்பட்டறைக்காரன் மட்டும் சொன்னான்: "அவங்க கேட்டத வாங்கிக் குடுத்துட்டுப் போங்களேண்டா. உனக்குப் புடிச்சதுன்னா நீ வாங்கி வெச்சிக்க." மற்ற இரண்டு பேரும் என் பக்கம். வயதானவர்கள் புதுசு என்றால் முதலில் இப்படித்தான் பயப்படுவார்கள், பழகிவிட்டால் நம்மையே மிஞ்சிவிடுவார்கள் என்றேன். மூன்றுக்கு ஒன்று.

அந்தச் சமயம் பார்த்து அக்காவின் ஸ்கேனர் என்னிடம் இருந்தது. ஆன்டெனா முனை ஆடுகிறது, பற்றவைத்துக் கொடு என்று தந்திருந்தார். அதற்கே அவர் எத்தனை நாள் யோசித்தாரோ. நான் என்ன செய்தேன் என்றால், அதைச் சென்னையில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்து போர்டை வாங்கிக்கொண்டேன். பழசு இருந்தால் அக்கா புதுசைத் தொடமாட்டார் என்று எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம். கொடுப்பதற்கு முன் துடைத்தேன். ஐந்தாம் நம்பர் பொத்தானின்மேல் எம்-சீல் பசைத் துளி ஒன்று கெட்டியாக ஒட்டியிருந்தது. மேலே ஒரு திருகிலும் ஒன்று. அழுக்கு என்று நினைத்து பிளேடால் சுரண்டி எடுத்தேன். கொஞ்சமும் கீறல் விழாமல் சுரண்டியதில் எனக்குப் பெருமை வேறு.

ஓய்வுபெற்ற வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் போனோம். நானே பாகங்கள் வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர், பதினேழு அங்குல மானிட்டர், போர்டு. மேஜைமேல் வைத்து இணைத்து ஓடவிட்டேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, திரை இருந்த பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். நான் அவர் கையை எடுத்து மௌஸின்மேல் வைத்து இங்கும் அங்கும் நகர்த்திக் காட்டினேன். அந்தக் கையை அவர் உதறவில்லை.

"எப்டிக்கா?"

"நல்லா இருக்குதுபா. ரொம்பச் செலவு பண்ணிட்டீங்க." மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "அந்தப் பழசு எங்கபா?" என்றார்.

"அதக் குடுத்துட்டுத்தான்கா இத வாங்கினோம்."

"குடுத்துட்டியா?"

"இனிமே அது எதுக்குக்கா?"

"அதான். எதுக்கு?" என்றார். எழுந்து போய் நாலு பேருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அதற்குப் பிறகு அக்காவின் போன் நின்றுபோனது. என் பெட்டியில் உறுமல் வந்தது, சொல்வதற்கு ஆள் இல்லை. நாங்களாகக் கூப்பிட்டுக் கேட்டால், "கேக்குதுபா, நல்லா கேக்குது" என்பார். புது விளையாட்டுச் சாமான் கிடைத்தால் நம்மை யார் நினைப்பார்கள் என்று கேலி பேசிக்கொண்டோம். பட்டறைக்காரன் மட்டும் கேலியில் சேரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சின்ன காஞ்சிபுரத்தில் வேலை இருந்தது. முடித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கம்ப்யூட்டரின் விசிறி ஓடுகிற சத்தம், ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். அந்தப் போர்டு சூடானால் அலைவரிசை நழுவிவிடும். திரையைப் பார்த்து மௌஸால் இழுத்துச் சரிசெய்தால்தான் பேச்சு திரும்பிவரும். அக்கா அதன்முன் உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டார்.

"வாப்பா. இப்பத்தான் ரெண்டு பேர் பேசிட்டுப் போனாங்க. வெள்ளக் கோடு பளிச்சுனு தெரியுது. நீ சொன்ன மாதிரியே, தெருவையே பாக்கற மாதிரிதான் இருக்குது."

மானிட்டர் கறுப்பாக இருந்தது. அதன் வயர் சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. பெருக்குகிறபோது இழுபட்டிருக்கும். வயரின்மேல் தூசு கனமாகப் படிந்திருந்தது. கழன்று பல வாரம் ஆகியிருக்கவேண்டும்.

குனிந்து வயரை எடுத்தேன். பிளக் தரையில் உரசிய சத்தமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. சிரித்த முகம் மெல்ல மாறியது.

"திரை ஓடலியா?" என்றார்.

"ஓடலக்கா."

"எவ்ளோ நாளா?"

"தெரிலக்கா."

கண்ணில் நீரழுத்தம் என்றார். ஓரமெல்லாம் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது, நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு இருந்தது, அதுவும் ஓய்வுபெறுவதற்கு முன்பே போய்விட்டது என்றார். யாரோ ஒருத்தருடைய போன் புகாரை எழுதிக்கொள்கிற மாதிரி சொன்னார். நான் அழுதேன். அவர் அழவில்லை. எம்-சீல் துளியைப் பற்றிக் கேட்டேன். விரலுக்கு அடையாளம் என்றார். மூன்று மாதமாக அந்த மனுஷி இரைச்சலின்முன் உட்கார்ந்திருந்திருக்கிறார், நாங்கள் ஆசையாகக் கொடுத்தோமே என்று.

பிறகு, அந்த ஆன்டெனா வேலையைத் தவிர எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அக்கா என்னிடம் உதவி கேட்டார்.

"ரெண்டு விஷயம்பா. அந்தப் பழசு கெடச்சா திருப்பி வாங்கிக் குடு. கெடைக்கலன்னா போவுது. ஆனா அண்ணங்கிட்ட மட்டும் சொல்லாத."

"சொல்லமாட்டேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாளே சென்னைக்குப் போனேன். வாங்கியவர் அதைத் தன் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார். மைத்துனர் கப்பல் வேலைக்காரர். அது எந்தக் கடலில் இருக்கிறதோ. அந்த மாடலே இப்போது வருவதில்லை என்றார். வெறுங்கையோடு அக்கா வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தவரின் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தீக்காயம். குக்கரை இறக்கும்போது பட்டுவிட்டது என்றார். எல்லாருக்கும் படுவதுதான் என்றார். உண்மைதான், என் பெண்டாட்டிக்கும் பட்டிருக்கிறது. அவர் அந்த அடுப்பில் கண் தெரியாமலே எத்தனையோ நாள் சமைத்திருக்கிறார், நாலு பேருக்குக் காப்பி போட்டிருக்கிறார். அதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. கேஸ் சிலிண்டர், தனி வீடு, கண் தெரியாதவர் என்றுதான் தோன்றியது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், தெரிந்திருந்தும் நீ ஏன் சொல்லவில்லை என்று ஊர் என்னைக் கேட்கும் என்றும் தோன்றியது. என்னைக் கேட்கும் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அண்ணன் எனக்கு நன்றி சொன்னார்.

வியாழக்கிழமை கார் வந்தது. சேதி தெரிந்து நானும் போனேன், உதவி செய்கிறேன் என்று. அக்கா சண்டை போடவில்லை. இரண்டு பைதான் சாமான். வாசலில் நின்று பூட்டைத் தானே போட்டார், இழுத்துப் பார்த்தார், சாவியை அண்ணனிடம் நீட்டினார். "பாத்துப் போங்கக்கா" என்றேன். என் பக்கம் திரும்பவில்லை. பட்டறைக்காரன் நீலக் கையோடு தெருமுனையில் நின்றிருந்தான். அண்ணன் சொல்லி அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கார் போனதும் என்னிடம் வந்தான்.

"கண்ண சாமி எடுத்துக்கிச்சி. காத நாம எடுத்தோம், அதுல எனக்கும் பங்கு இருக்குது. வீட்ட நீ எடுத்தடா" என்றான். அப்புறம் என்னோடு பேசுவதை விட்டுவிட்டான்.

அக்கா அந்தச் சென்னை பிளாட்டில் மூன்று வருஷம் இருந்தார். நாற்காலி ஒன்றைக் கூடத்தில் போட்டுக் கொடுத்திருந்தார்களாம். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அவர் இறந்த சேதியைப் பட்டறைக்காரனுக்குத்தான் சொன்னார்கள். எனக்கு ஒரு வாரம் கழித்து மூன்றாம் மனிதர் வழியாக வந்தது.

அதற்கு முன்பு, அவர் சென்னைக்குப் போன இரண்டாவது வாரமே, நான் ஒரு தடவை அவரோடு பேசினேன். பெங்களூரில் ஒருவரிடம் அதே மாடல் ஸ்கேனர் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. அலையாய் அலைந்து வாங்கிவிட்டேன். பொத்தானில், திருகில், எங்கெங்கே வேண்டுமோ அங்கெல்லாம் துளி வைத்துக் கொடுக்கலாம், எதெது எங்கே என்று அவரையே கேட்டு வைக்கலாம் என்று அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். அக்காவேதான். பின்னால் டி.வி. சத்தம்.

"அக்கா, நான்தான்கா. அதே ஸ்கேனர் கெடச்சிடுச்சி. நாளைக்கு எடுத்துக்கினு வரட்டுமா?"

டி.வி.யில் விளம்பரம் ஓடி முடிந்தது. பிறகு மிகவும் மரியாதையாக, டிரங்க் கால் காலத்துக் குரலில் சொன்னார்:

"நீங்க யாரு பேசறீங்கன்னு தெரியலீங்க. நம்பர சரியாப் பாத்துப் போடுங்க."

எட்டு வருஷத்தில் அக்கா என்னை நீங்க என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் மறுபடி அந்த நம்பரைப் போடவில்லை.